அட்டையில் மிச்சம் இருந்த 9 மாத்திரைகள்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. விருதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். 8 வருஷமாக சுகர், அதற்கும் முன்னாலிருந்தே சிகரெட். பத்து வாரத்துக்கு முன்னால் ஹார்ட் அட்டாக் வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ, ஈசிஜி எல்லாம் நன்றாக இருக்கிறது, கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் போவதில்லை. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து ஹாலில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியை எண்ணிக்கொண்டே இருக்கிறார். பேரன் வந்து மடியில் ஏறினால்கூட முகத்தில் சிரிப்பில்லை. "நான் இல்லாட்டி கடையை வித்துருங்க" என்கிறார். போன மாதம் வாங்கிய ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையில் 9 அப்படியே மிச்சம் இருக்கிறது. மனச்சோர்வு இருந்தால் மறுபடி அட்டாக் வரும் என்று படித்தேன், உண்மையா? மனநல மாத்திரையை இதய மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா? யோகா போதாதா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அன்று ராத்திரி 9 மணிக்கு மகன் கல்யாண விஷயமாக அவரோடு சண்டை போட்டேன். காலை 5 மணிக்கு அட்டாக் வந்தது. என்னால்தான் வந்ததா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த 9 மாத்திரை.

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த கம்பிவலை. குழாயின் உள்தோல் அதன்மேல் வளர்ந்து மூடப் பல மாதங்கள் ஆகும். அதுவரை ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான். அதன்மேல் ரத்தம் உறைந்துவிடாமல் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு வழக்கமாக ஒரு வருஷம். இதை நடுவில் விட்டால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். அது சாதாரண விஷயம் இல்லை. அதனால் இன்றிலிருந்து நீங்களே எடுத்துக் கையில் கொடுத்து, அவர் விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். விட்டுப்போன கணக்கைச் சரிக்கட்ட இரண்டாகக் கொடுக்க வேண்டாம். இதய டாக்டருக்கு உடனே போன் செய்து, இத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஏன் விட்டார் என்று கோபப்படாமல் கேளுங்கள். "மறந்துட்டேன்" என்பது ஒரு பதில். "சாப்பிட்டு என்ன ஆகப்போகுது" என்பது வேறு பதில். உங்கள் கடிதத்தில் அந்த 9 மாத்திரையும் "நான் இல்லாட்டி கடையை வித்துருங்க" என்ற பேச்சும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. நீங்கள் யோசித்து அப்படி எழுதினீர்களா, தற்செயலாக வந்ததா தெரியாது. எனக்கு இரண்டும் ஒரே வரியாகத்தான் படுகிறது. "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" என்று அவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பாரம் இறங்கினாற்போல் பேச ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வையுங்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி நேரமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. இதயத்துக்கும் மனசுக்கும் சம்பந்தம் இருப்பதாகப் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம். அதை எண்ணிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித். மான்ட்ரியல் நகரத்து இதய மருத்துவமனை ஒன்றில் ஹார்ட் அட்டாக்குக்காகச் சேர்ந்த 222 பேரை, வீட்டுக்குப் போகும் முன்பே இவரும் சக ஆய்வாளர்களும் பேட்டி எடுத்தார்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 6 மாதம் கழித்துப் பார்த்தால் 222 பேரில் 12 பேர் இறந்திருந்தார்கள். இதயம் எவ்வளவு பழுதாகியிருந்தது என்பது போன்ற மற்ற விஷயங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இறக்கும் ஆபத்து சுமார் 4 மடங்கு. இது வெளிவந்தது 1993-இல். அதுவரை "அட்டாக் வந்தவன் சோகமாக இருக்காமல் வேறெப்படி இருப்பான்" என்று கடந்துபோன டாக்டர்கள், நானும் சேர்த்துத்தான், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

ஆனால் 12 மரணம் என்பது சின்ன எண்ணிக்கை. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த 4 மடங்கு சுமார் 2 மடங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதனால் நீங்கள் படித்தது உண்மை. ஆனால் "மறுபடி அட்டாக் வரும்" என்று அது சொல்லவில்லை, வாய்ப்பு கூடுகிறது என்றுதான் சொல்கிறது. மனச்சோர்வோடு இருந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் அந்த 6 மாதத்தைத் தாண்டி வந்தார்கள். இதை அவரிடம் எடுத்துச் சொல்லும்போது முதல் பாதியை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஏன் கூடுகிறது? உடம்பு வழியாக ஒரு பாதை இருக்கிறது. மனச்சோர்வில் உடம்பு எந்நேரமும் யாரோ துரத்துவதைப்போல விழிப்பில் இருக்கிறது. கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடுகிறது, தூக்கத்திலும் நாடி இறங்குவதில்லை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் லேசான தூண்டலுக்கே ஒட்டிக்கொள்கின்றன, குழாய்களில் அழற்சி கூடுகிறது. 2017-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 293 பேரின் ஸ்கேன்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. மூளையில் பயத்துக்கான பகுதியான அமிக்டலா யாருக்கு அதிகம் வேலை செய்ததோ, அவர்களுக்கு, அழற்சிக்கான அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அதிகம் வேலை செய்தது, ரத்தக்குழாயில் அழற்சி அதிகம் இருந்தது, பின்னால் இதயநோயும் அதிகம் வந்தது. மனசிலிருந்து குழாய் வரைக்கும் ஒரு வயரிங் ஓடுவதை முதல்முறையாகப் படமாகப் பார்த்தாற்போல் இருந்தது.

இன்னொரு பாதை ரொம்பச் சாதாரணமானது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கலிஃபோர்னியாவில் இதயநோய் உள்ள 1,017 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இதயப் பிரச்சினை அதிகமாக வந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் நடை, உடற்பயிற்சி, சிகரெட், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. பெரும்பங்கு, உடம்பை அசைக்காமல் இருப்பதற்கு. சோர்ந்துபோனவன் நடப்பதில்லை, மாத்திரை போடுவதில்லை, விட்ட சிகரெட்டை மறுபடி எடுக்கிறான். 2008-இல் வந்த ஆய்வு அது. அது சொன்னதைத்தான் உங்கள் வீட்டு மாத்திரை அட்டையும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு தர்மசங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வைச் சரிசெய்தால் அடுத்த அட்டாக்கைத் தடுக்க முடியுமா? அமெரிக்காவில் 2,481 பேரை வைத்துப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2003-இல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் மாத்திரை. மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஆலோசனை பெற்றவர்களின் மனசு தேறியது. மரணமும் மறு அட்டாக்கும் குறையவில்லை. எங்கள் துறையில் பலருக்கு அது ஏமாற்றம். பிறகு 2018-இல் தென்கொரியாவிலிருந்து 300 பேரின் ஆய்வு வந்தது: 24 வாரம் எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களில், சுமார் 8 வருஷம் கழித்துப் பார்க்கும்போது, பெரிய இதயப் பிரச்சினை வந்தவர்கள் 40.9 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 53.6. நம்பிக்கை தருகிற எண்தான், ஆனால் ஒரே ஆய்வு.

அதனால் "இந்த மாத்திரை சாப்பிட்டா மறுபடி அட்டாக் வராதாம்" என்று சொல்லி அவரை அழைத்து வராதீர்கள், அந்த வாக்குறுதியை என்னால் தர முடியாது. விடியற்காலை 3 மணிக்கு ஒரு மனிதர் இருட்டில் உட்கார்ந்து தன் நாடியை எண்ணிக்கொண்டிருக்கிறார். இதயம் எப்படியோ போகட்டும், அந்த 3 மணிக்காகவே சிகிச்சை வேண்டும்.

இது நோய்தானா, இல்லை இயல்பான பயமா என்று கேட்பீர்கள். அட்டாக் வந்த முதல் சில வாரம் பயம், அழுகை, தூக்கமின்மை யாருக்கும் வரும், தானாக வடியும். பத்து வாரத்துக்குப் பிறகும் வடியாமல், அதிகாலை விழிப்பும், பேரனிடமும் ஒட்டாத மனசும் இருந்தால் நான் காத்திருக்க மாட்டேன். இதயநோயாளிகளிடம் இதைக் கண்டுபிடிக்க இரண்டே கேள்வியில் ஆரம்பிக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-லேயே சொன்னது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனசு தளர்ந்து, நம்பிக்கையே இல்லாமல் இருந்ததா? பாதி நாளுக்கு மேல் "ஆமாம்" என்றால் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். நம் ஊரில் இதயப் பரிசோதனைக்குப் போகும்போது சுகர், பிரஷர், கொழுப்பு என்று நாலு சீட்டு எழுதுகிறார்கள். இந்த இரண்டு கேள்விக்குச் சீட்டே வேண்டாம், ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனாலும் கேட்க ஆள் இல்லை.

கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்த்துவிடச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினோ பி12-ஓ குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் சோர்வாகவே காட்டும். நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் வகை மாத்திரை அவர் சாப்பிட்டால், அதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்று யாராவது சொன்னாலும் அதை நிறுத்திவிடாதீர்கள். அது பழைய நம்பிக்கை. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நிற்கவில்லை. தூக்கம் கலைவதும் விசித்திரமான கனவும் அதனால் வரலாம், அதை டாக்டரிடம் சொல்லலாம்.

நாடி எண்ணும் பழக்கத்தைப் பற்றி ஒரு விஷயம். சில வருஷம் முன்னால் பைபாஸ் ஆன ஒருவரை என்னிடம் அனுப்பினார்கள். கணவனும் மனைவியுமாக வந்தார்கள். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அந்த அம்மாவே பதில் சொன்னார்: சாப்பிடுறார், தூங்குறார், கோபம்தான் ஜாஸ்தி. டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை வெளியே அனுப்பினேன். கதவு மூடியதும் அந்த மனிதர் சொன்னது இது: "டாக்டர், நாலு மாசமா குளிக்கும்போது நான் தாழ் போடுறதில்ல. உள்ள விழுந்துட்டா கதவை உடைக்க நேரமாயிடும்ல?" நாலு மாதமாக வீட்டில் யாருக்கும் அது தெரியாது. டாக்டரிடம் போகும்போது உங்கள் கணவருக்கும் அந்தப் பத்து நிமிஷத் தனிமையைக் கொடுங்கள். நாடியை எண்ணாதே என்று மட்டும் அதட்ட வேண்டாம். அது அவர் வைத்திருக்கும் தாழ் போடாத கதவு. அதே சமயம், நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் "இது பயம்தான்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பயமா இதயமா என்பதை ஈசிஜி சொல்லட்டும்.

மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம், எது என்பதுதான் விஷயம். ஹார்ட் அட்டாக் வந்தவர்களிடம் நன்றாகச் சோதிக்கப்பட்டது செர்ட்ரலின். 2002-இல் 369 பேரிடம் பார்த்ததில் இதயத்தின் பம்ப் திறனை அது குறைக்கவில்லை. எஸ்சிட்டலோப்ராம், சிட்டலோப்ராம் கொடுத்தால் ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். வயது கூடக்கூட டோஸ் குறைவாகவே வைப்போம். ஃப்ளூஆக்ஸெடின், ஃப்ளூவாக்ஸமின் இரண்டும் கல்லீரலில் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடியவை, அதனால் உங்கள் கணவருக்கு நான் அவற்றை எழுத மாட்டேன். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை, புதிதாக அட்டாக் வந்தவருக்கு வேண்டாம். செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் வகை மாத்திரைகள் எல்லாமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு சேரும்போது ரத்தக்கசிவைக் கொஞ்சம் கூட்டலாம்: ஈறில் ரத்தம், கறுத்த மலம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல் வரும், போய்விடும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் உண்டு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டரிடம் கேட்கலாம், மாற்று உண்டு.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை மட்டும் கூடவே கூடாது. அன்றைக்குத் தூக்கம் வரும், அடுத்த மாதம் அது இல்லாமல் தூக்கம் வராது.

யோகா செய்யட்டும், நல்லது. ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு யோகா மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து இந்தியாவிலேயே 24 மருத்துவமனைகளில் 3,959 பேரிடம் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவு: மரணமும் மறு அட்டாக்கும் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவது கூடியது, தன் உடம்பைப் பற்றி அவர்களுக்கே நல்ல எண்ணம் வந்தது. அவருக்கு இப்போது தேவை அதுதானே. மாத்திரைக்குப் பதிலாக அல்ல, கூடவே. நடையை இன்னும் ஒருபடி மேலே வைப்பேன். இதயநோயாளிகள் 101 பேரிடம் செய்த அமெரிக்கச் சோதனை ஒன்றில், மேற்பார்வையோடு செய்த உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைப்பதில் செர்ட்ரலினுக்குச் சளைக்கவில்லை. கடை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கிற தூரம் என்றால் காலையில் ஷட்டரைத் திறக்கும் நேரத்துக்கு அவரோடு நடந்து போங்கள். ஷட்டரைப் பையன்கள் தூக்கட்டும். கல்லாவில் அரைமணி உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் போதும். ஆணி எடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

இனி உங்கள் சண்டை. கடும் கோபம் வந்த அடுத்த 2 மணி நேரத்தில் அட்டாக் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. உங்கள் சண்டை 9 மணிக்கு, அட்டாக் 5 மணிக்கு. நடுவில் 8 மணி நேரம் இருக்கிறது. கேரளத்துக்காரரான சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில், சுமார் 15,000 ஹார்ட் அட்டாக் நோயாளிகளையும் அதே அளவு நோயில்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வந்தது. 9 காரணங்களைப் பட்டியலிட்டது. மன அழுத்தம் அதில் ஒன்று, சின்னதும் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவை கெட்ட கொழுப்பும் சிகரெட்டும். சர்க்கரையும் பட்டியலில் உண்டு. உங்கள் கணவர் அடைப்பைப் பல வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு நடக்காத வீட்டிலும் அன்று காலை அது வந்திருக்கலாம்.

"மனசு உடைஞ்சு இதயம் உடையுறது" என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1990-இல் ஜப்பானியர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள், இதயம் அந்தப் பானை மாதிரி வீங்கித் தெரிவதால். அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது, இதயம் அப்படி வீங்குவதற்கு ரத்தக்குழாய் அடைப்பு காரணமாக இருப்பதில்லை. உங்கள் கணவருக்கு அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். அது இது இல்லை.

உறவுக்காரர்கள் "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போவதை நிறுத்த முடியாது. ஆனால் "எங்க சின்ன மாமாவுக்கும் இதே ஸ்டென்ட்தான், ஆறே மாசத்துல..." என்று ஆரம்பிப்பவரைக் காபி கொடுத்து வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒருத்தர் உண்டு.

யாரிடம் காட்டுவது என்று தயங்க வேண்டாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கடைக்காரர் அங்கே நிற்பதை ஊர் பார்த்துவிடும் என்று அவர் கூச்சப்பட்டால் மதுரைக்குப் போங்கள், தப்பில்லை. அடுத்த இதயப் பரிசோதனைத் தேதிவரை இதைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே போங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டும், கடைசி ஈசிஜியும் கையில் இருக்கட்டும். மிச்சம் இருந்த அந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் வார்த்தையால் சொல்ல வராவிட்டால், அதை மேஜைமேல் வைத்துவிடுங்கள்.